செல்லும் காசை வாங்காத ஊர்

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நான்கு வாழைப்பழம் வாங்கிவிட்டு, பத்து ரூபாய் நாணயங்கள் இரண்டை நீட்டினேன். கடைக்கார அம்மா கை நீட்டவில்லை. “இது இங்க செல்லாது தம்பி, நோட்டா குடுங்க” என்றார். செல்லும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது என்றேன். “எனக்கும் தெரியும். பேங்குலயே சொன்னாங்க. நான் வாங்கிடுவேன், அப்புறம் என்கிட்ட இருந்து யாரு வாங்குவா? சரக்குப் போடுற வண்டிக்காரரு தொடவே மாட்டேங்கிறாரு” என்றார்.

அந்தப் பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு உண்மை தெரியும். அதை வங்கியிலேயே, கேட்க வேண்டிய இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஊடகக் கல்வி பற்றிய கையேடுகள் ஒரு குடிமகனிடம் எதிர்பார்ப்பதையெல்லாம் செய்துவிட்டார். அப்படியும் அந்த நாணயம் அவருடைய கல்லாவுக்குள் போகவில்லை.

புரளியின் வேர் மிகச் சிறியது. ரூபாய்க்கான புதிய குறியீடு 2010-இல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய நாணயங்களில் அந்தக் குறியீடு இருக்காது, பிந்தையவற்றில் இருக்கும். இந்த வேறுபாட்டைப் பார்த்த யாரோ ஒருவர், குறியீடு இல்லாதது போலி என்றார். நாணயத்தில் உள்ள கோடுகளை எண்ணிப் பார்த்து, இத்தனை இருந்தால் நல்லது, இத்தனை இருந்தால் கள்ளம் என்றார் இன்னொருவர். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்துள்ளது, எல்லாமே செல்லும் என்று அறிவித்தது. 14440 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம் என்றது. கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பியது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2022-இல், தர்மபுரி மாவட்ட இளைஞர் ஒருவர் வீட்டுக் கடையில் யாரும் வாங்காமல் தேங்கும் இந்த நாணயத்தின் நிலையை ஊருக்குக் காட்டவென்றே, சேலத்தில் ஆறு லட்ச ரூபாய்க் கார் ஒன்றைப் பத்து ரூபாய் நாணயங்களாலேயே வாங்கினார். நாட்டின் நாணயத்துக்குப் பொறுப்பான அமைப்பு, தன் நாணயத்தைப் பற்றித் தானே சொன்ன உண்மை, கடைத்தெருவில் எடுபடவில்லை.

ஊடக எழுத்தறிவு, தகவல் எழுத்தறிவு, தொழில்நுட்ப எழுத்தறிவு என்று இப்போது பேசப்படுவதைப் பற்றி நான் படித்தவற்றையும் பார்த்தவற்றையும் இந்தக் கடைக்கார அம்மாவின் பதிலோடு உரசிப் பார்க்கவே இக்கட்டுரை.

பெயரும் பொருளும்

மூன்றும் மூன்று இடத்தில் பிறந்தவை. ‘தகவல் எழுத்தறிவு’ என்ற சொல்லை 1974-இல் அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் தகவல் தொழில்துறைச் சங்கம் ஒன்றின் தலைவர். வேலைக்கு வேண்டிய தகவலைத் தேடி எடுக்கும் திறன் என்ற பொருளில் சொன்னார். நூலகர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஊடகக் கல்வி பள்ளி ஆசிரியர்களிடமிருந்து வந்தது. 1982-இல் மேற்கு ஜெர்மனியின் க்ரூன்வால்டில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்துவிட்டது, அதைப் படிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று பிரகடனம் செய்தது. தொழில்நுட்ப எழுத்தறிவு கணினி வகுப்பறையின் பிள்ளை. யுனெஸ்கோ 2011-இல் ஆசிரியர்களுக்கான பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டு ஊடகத்தையும் தகவலையும் ஒரே குடையின்கீழ் சேர்த்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 24 முதல் 31 வரை இதற்கான வாரம் என்று 2021-இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது.

கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கும் வீட்டில் இந்தப் பிரிவினை நிற்பதில்லை. ‘இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், போன மாத பில் பதிவாகவில்லை, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்றொரு குறுஞ்செய்தி 2022 வாக்கில் தமிழ்நாடு முழுவதும் சுற்றியது. என் அம்மாவுக்கும் வந்தது. அதை அனுப்பியது யார் என்று கேட்பது ஊடக அறிவு. பில் கட்டியாயிற்றா என்று மின்வாரியத்தின் சொந்தத் தளத்தில் பார்ப்பது தகவல் அறிவு. அழைத்தால் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், அது நம் திரையை அப்படியே அவர்களுக்குக் காட்டிவிடும் என்று தெரிந்திருப்பது தொழில்நுட்ப அறிவு. மூன்றில் ஒன்று தவறினாலும் பணம் போய்விடும். அம்மா இந்த மூன்றையும் செய்யவில்லை. பக்கத்து வீட்டில் போய், “உங்களுக்கும் கரண்ட் கட் பண்றாங்களாம்மா?” என்று கேட்டார். அது போதுமானதாக இருந்தது.

பழைய அளவைகள்

எது அறிவு, அது எப்படிப் பிழைபடும் என்று கேட்பது தமிழுக்குப் புதிதில்லை. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி. காட்சி, கருத்து, ஒப்பு, ஆகமம் என்று அறியும் வழிகளை அடுக்குகிறான். அதோடு நிற்காமல், அறிவுபோலத் தோன்றி அறிவாகாமல் போகும் எட்டையும் சொல்கிறான். அவற்றில் மூன்றை இன்றைய கைப்பேசியோடு வைத்துப் பார்க்கலாம். ஒன்றை வேறொன்றாகக் கொள்வது ‘திரியக் கோடல்’; மின்னும் சிப்பியை வெள்ளி என்று எடுத்துக்கொள்வது அதற்கு எடுத்துக்காட்டு. இதுவா அதுவா என்று தீர்மானம் இல்லாமல் தடுமாறுவது ‘ஐயம்’. ஆராயாமல் தெளிந்துவிட்டதாக நினைப்பது ‘தேராது தெளிதல்’. ‘போலிச் செய்தி’ என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடும் நம் காலத்துச் சொல்லைவிட இந்தப் பகுப்பு எனக்குக் கூர்மையாகத் தெரிகிறது.

2018-இல் இந்தியாவெங்கும் சுற்றிய குழந்தைக் கடத்தல் காணொளியை எடுத்துக்கொள்வோம். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். படம் பொய்யில்லை, உண்மையாகவே எடுக்கப்பட்டதுதான். பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல்போகும் குழந்தைகளுக்காக வேலைசெய்யும் ஓர் அமைப்பின் விழிப்புணர்வுப் படம் அது. கடைசியில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, பெற்றோரை எச்சரிக்கும் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, ‘நம் பகுதியில் கும்பல் இறங்கியிருக்கிறது’ என்று எழுதிச் சேர்த்தார்கள். சிப்பி உண்மையான சிப்பிதான். வெள்ளி என்ற பெயர்தான் பொய்.

அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஊர் திரண்டு அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். இரண்டு மாதம் கழித்து ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஒரே கிராமத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். வாட்ஸப் நிறுவனம் அதே மாதம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. நல்ல தடைகள்தான். உயிர்கள் போன பிறகு வந்த தடைகள்.

போளூரில் திரண்டவர்கள் எல்லாரும் படிக்காதவர்களா? அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற வாட்ஸப் செய்திகளை நம்பிப் பின்வாங்கிய பெற்றோரில் நகரத்துப் பட்டதாரிகளும் இருந்தார்கள். முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டிவந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். உடலிலிருந்து நோய் பரவும் என்ற பயம். நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தவரின் உடல் அது. பொதுச் சுகாதாரத்துக்குப் பெயர்பெற்ற மாநிலத்தில், கல்லூரிகள் நிறைந்த நகரத்தில் இது நடந்தது.

2023 மார்ச்சில் நடந்தது இன்னும் விரிந்த கதை. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. தொடர்பே இல்லாத, வேறெங்கோ நடந்த மோதல்களின் பழைய காட்சிகள் அவை. அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் தாமே காணொளியில் தோன்றி மறுத்தார். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பி விசாரித்தது. வழக்குப் பதிவானவர்களில் பெரிய இந்தி நாளிதழ் ஒன்றின் ஆசிரியரும் இருந்தார். ஹோலிக்கு ஊருக்குப் போக ரயில் நிலையத்தில் கூடிய கூட்டத்தைக் காட்டி, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். திருப்பூர், கோவைப் பட்டறைகளில் இந்தி தெரிந்த அலுவலர்கள் போய்த் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். மறுப்பு அறிக்கைகளைவிட, கூட வேலைசெய்யும் தமிழர்கள் “உனக்கு ஒண்ணும் ஆகாது, நாங்க இருக்கோம்” என்று சொன்னதே அதிகம் உதவியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

தனியாக்கி ஏமாற்றுவது

புரளி கூட்டத்தை வைத்து வேலைசெய்கிறது. பண மோசடி நேர்மாறாக, ஆளைத் தனியாக்கி வேலைசெய்கிறது.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று பெயர்பெற்ற மோசடியின் நடைமுறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் கூரியர் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒரு அழைப்பு: உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. பிறகு அழைப்பு ‘மும்பை போலீஸுக்கு’ மாறும். வீடியோவில் சீருடை, பின்னால் இலச்சினை, கையெழுத்திட்ட ஆவணம். கேமராவை விட்டு நகரக்கூடாது என்பார்கள். முக்கியமான கட்டளை அடுத்தது: வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்களும் வழக்கில் சிக்குவார்கள். அதன்பின் ‘சரிபார்ப்புக்காக’ பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். 2024-இல் பத்மபூஷண் விருதுபெற்ற 82 வயதுத் தொழிலதிபர் ஒருவரைப் போலி நீதிமன்றத்தின் முன் வீடியோவில் நிறுத்தி, தலைமை நீதிபதி போல ஒருவரைப் பேசவைத்து, ஏழு கோடி ரூபாய் பறித்தார்கள். நூற்றுக்கணக்கான அதிகாரிகளை வேலைக்கு வைத்திருப்பவருக்கே, அந்த இரண்டு நாள் பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இல்லை.

வீடியோ அழைப்பில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. பிரதமர் 2024 அக்டோபரில் வானொலி உரையில் இதைச் சொன்னார். ஓராண்டு கழித்து, உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவு காட்டி முதிய தம்பதியரை ஏமாற்றியதைக் கேட்டு, அந்த நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இணைய மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2023-இல் 7,465 கோடி ரூபாய், 2024-இல் 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சகம் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இங்கே உண்மையில் கொஞ்சம்தான். யூபிஐ-யில் பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம். ‘பணம் வர க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று எவர் சொன்னாலும் அது திருட்டு. வங்கிகளின் இணைய முகவரி இப்போது ‘பேங்க்.இன்’ என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வணிகக் குறுஞ்செய்தியின் அனுப்புநர் பெயர் முடிவில் ‘பி’ இருந்தால் விளம்பரம், ‘ஜி’ இருந்தால் அரசு. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் தடுக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. இவ்வளவையும் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். 2025 ஆகஸ்டில் மட்டும் யூபிஐ வழியே 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்திருக்கின்றன. பூக்கடைத் தட்டிலும் க்யூஆர் அட்டை நிற்கிறது. அந்தத் தபால் அட்டை மட்டும் பூக்காரம்மாவுக்கு வரவில்லை.

சட்டத்தின் நிலையும் அவருக்குச் சாதகமாக இல்லை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, நம் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு நம் தலையில் விழாது. ஏமாந்து நாமே பின் நம்பரைப் போட்டுவிட்டால் கதை வேறு. புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் நம் இழப்பு. கற்றுக்கொடுக்காமல் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, தெரியாமல் செய்த தவறுக்கு முழுப் பொறுப்பையும் அவர்மேல் போடுவது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஆய்வுகள் கண்டது

இதையெல்லாம் கற்றுக்கொடுத்தால் பலன் உண்டா என்று அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் நோயின் அளவு. எம்ஐடி ஆய்வாளர்கள் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளைப் பின்தொடர்ந்து 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். அதைப் பரப்பியதில் இயந்திரக் கணக்குகளைவிட மனிதர்களுக்கே பங்கு அதிகம். புதிதாக, வியப்பாக இருப்பதை முதலில் சொல்லும் ஆசை நம் எல்லாருக்கும் உண்டு.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் அவருடைய சகாவும் 45 பேரை உட்காரவைத்து இணையத்தை வாசிக்கச் சொன்னார்கள்: பத்து வரலாற்று அறிஞர்கள், பத்துச் செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள். குழந்தை மருத்துவர்களின் பெயரில் அமைந்த இரண்டு அமைப்புகளின் தளங்களைக் காட்டினார்கள். ஒன்று பல்லாயிரம் மருத்துவர்களைக் கொண்டது. இன்னொன்று கருத்து வேறுபாட்டால் பிரிந்த சிறு குழு. பார்வைக்கு இரண்டும் ஒரே தரம். வரலாற்று அறிஞர்கள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாக வாசித்தார்கள், பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடியிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள், தப்பித்தார்கள். இதற்குப் ‘பக்கவாட்டு வாசிப்பு’ என்று பெயர் வைத்தார்கள். நம் வீடுகளில் பெண் கொடுப்பதற்கு முன் செய்வது இதைத்தான். மாப்பிள்ளை வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டு யாரும் முடிவுசெய்வதில்லை. தெருமுனைக் கடையில், பையன் வேலைபார்க்கும் இடத்தில், அவர்கள் உறவில் கசந்துபோன ஒருவரிடம் விசாரிப்போம். கல்யாணத்துக்கு இருக்கும் இந்தப் பழக்கம் கைப்பேசிச் செய்திக்கு இன்னும் வரவில்லை.

கற்பிக்கும் சோதனைகளின் முடிவுகள் கலவையானவை. போலிச் செய்தியை இனங்காண ஃபேஸ்புக் வெளியிட்ட குறிப்புகளை அமெரிக்காவிலும் இந்தியாவிலும் சோதித்தார்கள். படித்த இந்தியர்களிடம் பலன் தெரிந்தது. வட இந்தியக் கிராமத்தினரிடம் தெரியவில்லை. 2019 தேர்தலின்போது சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் பீகாரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வீடு தேடிச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செய்தி சரிபார்க்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். சில வாரம் கழித்துச் சோதித்தபோது, மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. கட்சிப் பற்று குறுக்கே நின்றவர்களிடம் நிலைமை இன்னும் சிக்கலாக இருந்தது.

அவர் அங்கே விட்டுவிடவில்லை. சக ஆய்வாளர்களோடு அதே பீகாரில் வேறு வடிவத்தை முயன்றார். கிராம நூலகங்களில், 583 ஊர்களைச் சேர்ந்த 13,500 பள்ளி மாணவர்கள். ஒரு நாள் பாடமாக வைக்காமல், பதினான்கு வாரக் காலத்தில் விட்டுவிட்டு வகுப்புகள். வீட்டுப்பாடம், தேர்வு, கூட உட்கார்ந்து படிக்கும் நண்பர்கள். நல்ல செய்தியையும் பொய்யையும் பிரித்தறியும் திறன் கூடியது. மாதங்கள் கழித்தும் அது நின்றது. வகுப்புக்கே வராத பெற்றோரிடமும் மாற்றம் தெரிந்தது. பிள்ளைகள் வீட்டில் போய்ப் பேசியிருக்கிறார்கள். அதே மாநிலத்தில், அதே ஆய்வாளர் செய்த இரண்டு முயற்சிகளில் ஒன்று தோற்று ஒன்று வென்றிருக்கிறது. முதலாவது தனி ஆளுக்குத் தகவல் கொடுத்தது. இரண்டாவது ஊருக்குள் ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. எங்கள் பேருந்து நிலையக் கடைக்கார அம்மா சொன்னதும் இதுதான்.

யார் சரிபார்ப்பது

அரசே சரிபார்க்கட்டும் என்பது இயல்பாக வரும் யோசனை. மத்திய அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசின் பிரிவே முடிவுசெய்யலாம் என்ற 2023-ஆம் ஆண்டு விதியை, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. தமிழ்நாடு அரசும் 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. அதுவும் நீதிமன்றம் வரை போனது. வெள்ளத்தின்போது எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று அரசுதான் சொல்ல வேண்டும், சந்தேகமில்லை. தன்னைப் பற்றிய குறைகூறல் பொய்யா என்று அதே அரசு தீர்ப்புச் சொல்லும்போது, பாதி ஊர் நம்பாது. நம்பாத வாயிலிருந்து வரும் உண்மை எதற்கும் உதவாது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் கண்ணால் கண்டதும் ஐயத்துக்குள் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், 2018-இல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவர் குரலில் ஓர் உரையை அதிமுக வெளியிட்டது. அரங்கில் இருந்த அனைவருக்கும் அது உருவாக்கப்பட்டது என்று தெரியும். அதனால் யாரும் ஏமாறவில்லை. அதே தொழில்நுட்பம் பேரனின் குரலில் “தாத்தா, ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சு, பணம் அனுப்பு” என்று அழும்போது தாத்தாவிடம் அந்த அறிவிப்பு இருக்காது. இனி கண்ணையும் காதையும் கூர்மையாக்கிப் பயனில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பேரனின் பழைய எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும்.

இந்தத் திறன்களுக்குள் நுழையும் வாசலே எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். தமக்கென்று கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம்தான். கணவனின் போனை வாங்கிப் பார்க்கும் பெண், ஒரு செய்தியைச் சரிபார்க்க இன்னொரு பக்கத்தைத் திறந்து தேடுவார் என்று எதிர்பார்ப்பது வீண். மத்திய அரசின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 2017-இல் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்தது. ஆறு கோடி இலக்கு, 6.39 கோடிப் பேருக்குப் பயிற்சி. ஆளுக்கு 20 மணி நேரம். கேரளம் வீடுவீடாகத் தன்னார்வலர்களை அனுப்பி, 2025 ஆகஸ்டில் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தது. பெரும் உழைப்பு. போனை இயக்கத் தெரிவதும், போனில் வருவதை எடைபோடத் தெரிவதும் இரண்டு தனிப் பாடங்கள் என்பதும் உண்மை. இரண்டாம் பாடத்தைப் பள்ளிக்குள் கொண்டுபோனதில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் முன்னோடி. தடுப்பூசிப் புரளி அங்கேயும் பரவியது. அதன்பின் 2018-இல் மாவட்ட ஆட்சியரின் முயற்சியில் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியைப் பற்றிய வகுப்புகள் தொடங்கின.

நமக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்து கற்றார்கள். ஒரு பெண் தனியாகச் சைக்கிள் ஓட்டினால் ஊர் வேடிக்கை பார்த்திருக்கும். ஊரே ஓட்டியபோது வேடிக்கை பார்க்க ஆளில்லை. தெருவிளக்கின்கீழ் இரவில் கூடி எழுத்தைப் படித்த அந்த வட்டங்களில், மருந்துக் கடைச் சீட்டையும் கூலிக் கணக்கையும் படித்தார்கள். அதற்கு முன்பே டீக்கடையில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, மற்றவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்ட பழக்கம் இருந்தது. செய்தி பொதுவில் வாசிக்கப்பட்டது, பொதுவிலேயே சந்தேகிக்கவும்பட்டது. இப்போது ஒவ்வொருவரும் தனித்தனித் திரையைக் குனிந்து பார்க்கிறோம்.

சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948-இல். இன்று தமிழ்நாட்டில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. நூலக வரி நம் சொத்து வரியோடு சேர்ந்தே வசூலாகிறது. பீகாரின் கிராம நூலகங்களில் நடந்த வகுப்பை, ஒவ்வொரு கிளை நூலகத்திலும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் நடத்துவதற்குக் கட்டடமும் இருக்கிறது, மேசையும் இருக்கிறது, மாலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களும் இருக்கிறார்கள். வேண்டியது ஓர் அரசாணையும், முன்வரும் ஆசிரியர்களும். அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கும் நீங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருந்தால், வரும் சனிக்கிழமை உங்கள் ஊர் நூலகருடன் பேசுங்கள். அந்த வாரம் ஊரில் சுற்றிய ஒரே ஒரு ஃபார்வர்டை எடுத்துக்கொண்டு, பத்துப் பேராகச் சேர்ந்து அதன் வேர் எங்கே என்று தேடிப் பாருங்கள். திரும்பும் வழியில் கடையில் யாராவது பத்து ரூபாய் நாணயம் கொடுத்தால், வாங்கிக்கொள்ளுங்கள்.